கயிற்றால் தைத்த கப்பலும் திரையில் வராத போரும்

என்னிடம் தமிழ்த் துணைப்பாடம் படிக்கும் பிள்ளைகள் ஆறு பேரைப் போன பள்ளி விடுமுறையில் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பெலித்துங் கப்பலின் சரக்கை வைத்திருக்கும் கூடத்தில், உயர்நிலை இரண்டில் படிக்கும் பையன் ஒருவன் கேட்டான்: "சார், ராஜேந்திர சோழன் கப்பல்ல ஸ்டியரிங் எங்க இருக்கும்?" ஏதோ ஒரு சரித்திரப் படத்தில், புயலுக்கு நடுவே கதாநாயகன் பெரிய மரச்சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றுவதைப் பார்த்திருக்கிறான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அவன் வாழ்க்கையில் பார்த்த ஒரே பழங்காலக் கப்பல் அதுதான்.

சுக்கானைத் திருப்பச் சக்கரம் வந்தது 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பியக் கப்பல்களில். ராஜேந்திரனின் படை மலாய்த் தீபகற்பத்துக் கடாரத்துக்குப் போனது 1025-ஐ ஒட்டி. இடையில் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள். பிரிட்டிஷ் அதிகாரி ராபிள்ஸ் 1819-இல் சிங்கப்பூரில் விமானத்தில் வந்து இறங்கினார் என்று ஒரு படம் எடுத்தால் நாம் ஒத்துக்கொள்வோமா? ராபிள்ஸுக்கும் முதல் விமானத்துக்கும் நடுவில் நூறு ஆண்டுகூட இல்லை.

அவன் கேள்விக்குப் பதில் அந்தக் கூடத்திலேயே இருந்தது. 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே கண்டெடுத்த அந்தக் கப்பல் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சீனத்திலிருந்து மேற்கே போகும் சரக்கு, பெரும்பாலும் பீங்கானும் மட்பாண்டமும், 60,000-க்கும் மேற்பட்ட பொருள்கள். பலகைகளில் ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை துளையிட்டுக் கயிற்றால் தைத்திருந்தார்கள். பிற்பாடு அதே முறையில் ஓமானில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு கப்பலைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். ஜுவல் ஆஃப் மஸ்கட் என்று பெயர். 2010 பிப்ரவரியில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, கொச்சி, இலங்கையின் காலி வழியாக ஜூலையில் சிங்கப்பூர் வந்தது. ஓமான் நம் நாட்டுக்குத் தந்த பரிசு. அதன் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். பின்பக்கம் இரண்டு விலாவிலும் நீளமான சுக்கான் துடுப்பு, அதைத் திருப்பக் கயிறு. பையன் படத்தைப் பெரிதாக்கி, அந்தத் தையலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சோழர் கலமும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது என்று சொல்ல மாட்டேன். சோழர் போர்க்கப்பல் எதுவும் கடலடியிலிருந்து கிடைக்கவில்லை. ஆனால் சோழமண்டலக் கரையின் மசுலா படகுகளையும் கயிற்றால்தான் தைத்தார்கள். அலை ஓங்கி அடித்தால் ஆணி அடித்த பலகை பிளந்துவிடும், தைத்த பலகை வளைந்து கொடுக்கும். அந்தக் கடலையும் கரையையும் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த தொழில்நுட்பம் அது. அதை விட்டுவிட்டு ஐரோப்பியக் கொள்ளையர் படங்களிலிருந்து பாய்மரத்தையும் சக்கரத்தையும் கடன் வாங்குவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிழை என்பதைவிட, கையில் இருப்பதைப் பார்க்காமல் விட்டது என்பதே என் வருத்தம்.

கல்வெட்டு என்ன சொல்கிறது என்று பாருங்கள். "அலைகடல் நடுவில் பலகலம் செலுத்தி" என்று தொடங்குகிறது ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில், அதாவது மன்னன் புகழைப் பாடும் கல்வெட்டு வரிகளில், இந்தப் போரைச் சொல்லும் பகுதி. அப்புறம் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வருகின்றன: ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம் என்று கடாரம் வரை மொத்தம் 13. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி. "ஆழ்கடல் அகழ்சூழ்" மாயிருடிங்கம், அதாவது கடலே அகழியாகச் சூழ்ந்த ஊர். "துறைநீர்ப் பண்ணை". நடுக்கடலில் கப்பலும் கப்பலும் மோதியதாக ஒரு வரியும் இல்லை. பிடித்த யானைகள், அள்ளிய நிதிக்குவியல், ஊர்வாசலில் இருந்த வித்தியாதர தோரணம் இவைதான் பேசப்படுகின்றன. துறைமுகம் துறைமுகமாகப் போய் இறங்கித் தாக்கிய போர் அது. காற்று பார்த்துப் புறப்பட்டு, காற்று மாறும்வரை காத்திருந்து திரும்ப வேண்டிய போர். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் டிசம்பரில் ஒரு மாதிரியும் ஜூலையில் வேறு மாதிரியும் காற்று அடிப்பதை உணர்ந்தவர்களுக்கு இது புரியும். திரைப்படத்தில் காற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு காட்சியாவது பார்த்திருக்கிறீர்களா?

சரி, தரைப்போருக்கு வருவோம். எந்த நாட்டுப் படமானாலும் ஒரே காட்சிதான்: இரண்டு படைகள் வெட்டவெளியில் நிற்கும், தலைவன் கத்துவான், இரண்டு பக்கமும் தலைதெறிக்க ஓடிவந்து மோதிக்கொள்ளும். அடுத்த நொடியே வரிசை கலைந்து ஆளுக்கு ஆள் தனித்தனிச் சண்டை. தேசிய சேவை செய்த யாரையாவது கேளுங்கள். முழுச் சுமையோடு 24 கிலோமீட்டர் ரூட் மார்ச் முடித்துவிட்டு வரும் வழியில் யாராவது "இப்போது ஓடு" என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கேடயமும் ஈட்டியும் தூக்கிக்கொண்டு அரை மைல் ஓடி வந்தவனுக்கு எதிரியைக் குத்த மூச்சு இருக்காது. கி.மு. 490-இல் மாரத்தான் என்ற இடத்தில் பாரசீகப் படையை ஏதென்ஸ்காரர்கள் எட்டு ஸ்டேடியம், அதாவது ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுக்கு ஓடிப் போய்த் தாக்கினார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதையே வரலாற்றாளர் பலர் நம்புவதில்லை.

அதே மாரத்தான் கணக்கில் இன்னொன்று இருக்கிறது. ஏதென்ஸ் தரப்பில் இறந்தவர் 192, பாரசீகத் தரப்பில் 6,400 என்கிறார் ஹெரோடோட்டஸ். இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது? வரிசை வரிசையாக, கேடயத்தோடு கேடயம் ஒட்டி நிற்கும்வரை ஆள் அதிகம் சாவதில்லை. ஒரு பக்கம் வரிசை உடைந்து, முதுகைக் காட்டி ஓடத் தொடங்கும்போதுதான் கொலை நடக்கிறது. பழைய போரில் வீரம் என்பது பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவனை விட்டு நகராமல் இருப்பது. "புறமுதுகு" என்ற ஒரே சொல்லுக்குள் நம் புறப்பாடல்கள் இதைத்தான் வைத்திருக்கின்றன. மகன் முதுகில் புண்பட்டு இறந்தான் என்றால், அவனுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று ஒரு தாய் சொல்லும் பாட்டை உயர்நிலைப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் கோபம் வெறும் மானப் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். ஒருவன் திரும்பினால் வரிசையே சாகும் என்பது புரிந்த பிறகு அந்தப் பாட்டு எனக்கு வேறாகக் கேட்கிறது.

கிரேக்கர் பாரசீகரைத் தடுத்து நின்ற தெர்மொபிலைப் போரைப் பற்றி 2006-இல் வந்த '300' படத்தில் ஸ்பார்ட்டா வீரர்கள் வெற்று மார்போடு, சிவப்புப் போர்வையோடு சண்டை போடுவார்கள். உண்மையில் அவர்கள் தலைக்கவசமும், சுமார் 90 சென்டிமீட்டர் அகலமும் ஏழு கிலோ அளவுக்கு எடையும் உள்ள கேடயமும் தாங்கி வரிசைகட்டி நின்றவர்கள். கி.மு. 480-இல் அந்தக் கணவாயில் இருந்த கிரேக்கர் 300 பேர் மட்டுமல்ல, ஏறக்குறைய 7,000 பேர். கடைசிவரை நின்று செத்தவர்களில் தெஸ்பியா ஊர்க்காரர் 700 பேர் உண்டு. அந்த எழுநூறு பேரை இன்று யார் நினைக்கிறார்கள்? சின்ன ஊர், பெயர் நிற்கவில்லை.

நெருப்பு அம்பும் அப்படித்தான். கூரையையும் கப்பலையும் கொளுத்த அதைப் பயன்படுத்தினார்கள். வெட்டவெளியில் நிற்கும் ஆள்மேல் எய்வதற்கு அது உதவாது; துணி சுற்றிய முனை கனத்து, தூரமும் குறையும், குத்தும் வேகமும் போய்விடும். இரவுக் காட்சியில் அழகாக இருக்கிறது, அதனால் வருகிறது. ரோமானியர் காலப் படங்களில் குதிரைவீரன் அங்கவடியில், அதாவது சேணத்தில் தொங்கும் கால்வளையத்தில், கால் ஊன்றி எழுந்து வெட்டுகிறான். அங்கவடி ஐரோப்பாவுக்கு வந்தது ரோமப் பேரரசின் மேற்குப் பாதி விழுந்து நூறு ஆண்டுக்கும் பிறகு. வில்லாளிகளைப் பார்த்துத் தளபதி "ஃபயர்" என்று கத்துவது துப்பாக்கி வந்த பிறகு பிறந்த கட்டளை. தமிழாக்கிய படம் ஒன்றில் அதை "சுடுங்கள்" என்று சொன்னதைக் கேட்டு நான் எழுந்தே போயிருப்பேன், பக்கத்தில் மனைவி இருந்ததால் உட்கார்ந்திருந்தேன். தமிழில் அம்பை எய்வார்கள், வேலை எறிவார்கள், வாளை வீசுவார்கள். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் கை எப்படி அசையும் என்பது வினைச்சொல்லிலேயே இருக்கிறது.

நம் படங்களின் உடைகளைப் பார்த்தால் எனக்கு இதே எண்ணம்தான் வரும். சோழ வீரனுக்கு ரோமானியன் போல மார்புத்தகடு, முழங்கை வரை தோல்பட்டை, நெஞ்சில் குறுக்குவார். சோழர் காலச் சிற்பங்களில் போர்வீரன் பெரும்பாலும் இடையில் சுருக்கிக் கட்டிய ஆடையும், முடிந்த கொண்டையும், கையில் வாளும் கேடயமுமாக இருப்பான். நம் வெயிலில் உலோகத் தகட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பகல் நின்றால் எதிரி தேவையே இல்லை. சங்கப் பாடல்களில் கேடயத்துக்கு ஒரு பெயர் "தோல்". எதனால் செய்தது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. கவசம் அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. "சான்றோர் மெய்ம்மறை" என்று பதிற்றுப்பத்து சேர மன்னனைப் புகழ்கிறது. உடம்பை மறைக்கும் கவசம்போல முன்னால் நின்று வீரர்களைக் காப்பவன் என்று பொருள். உடை வடிவமைப்பாளர் ஒருவர் இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு படத்துக்கே உடை தைக்கலாம்.

அரண்மனையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது கிடைத்தவை செங்கல் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி. கல் கோயிலுக்கு, மன்னனுக்குச் செங்கல்லும் மரமும். திரையில் வரும் வட இந்தியக் கல்கோட்டைகள் பல நூற்றாண்டு பிந்தியவை.

யானையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல ஆசை. படங்களில் யானை ஊர்வலத்துக்கு வரும், கதவை முட்டும். மன்னன் போர் என்றால் குதிரையிலிருந்து குதித்து வாள் வீசுவான். சோழ வரலாற்றிலோ இரண்டு பேர் யானைமேலேயே செத்தார்கள். 949-இல் தக்கோலத்தில் இராஜாதித்தன். 1054 வாக்கில் கொப்பத்தில் இராஜாதிராஜன். "ஆனைமேல் துஞ்சின" என்பதே அவர்களுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. மன்னன் ஏன் யானைமேல் இருக்கிறான்? படை முழுவதும் அவனைப் பார்க்க வேண்டும். அவன் தெரிகிறவரை வரிசை நிற்கும். அதே காரணத்தால் எதிரியின் வில்லெல்லாம் அவனையே குறிபார்க்கும். கொப்பத்தில் அண்ணன் விழுந்ததும் படை கலைகிறது. தம்பி இரண்டாம் ராஜேந்திரன் தன் யானையை முன்னே செலுத்துகிறான். அவனுடைய மெய்க்கீர்த்தி அந்த நேரத்தைக் கிட்டத்திலிருந்து காட்டுகிறது: யானையின் நெற்றியில் அம்பு தைக்கிறது, அவன் தொடையில் தைக்கிறது, தோளில் தைக்கிறது, அவனோடு அதே யானைமேல் ஏறியிருந்த வீரர்கள் விழுகிறார்கள். அவன் இறங்கவில்லை. படை திரும்பி வந்தது. போர்க்களத்திலேயே முடிசூட்டிக்கொண்டான். ஒரு யானைமேல் எத்தனை பேர் என்று கேட்டால் 1225-இல் எழுதிய சீன அதிகாரி சாவ் ருகுவா சொல்கிறார்: சோழ நாட்டு யானைகளின் முதுகில் வீடு போன்ற அமைப்பு உண்டு, அதில் நிறைய வீரர்கள், தூரத்தில் அம்பு எய்வார்கள், கிட்டே வந்தால் ஈட்டியால் குத்துவார்கள். இதைவிட நல்ல திரைக்கதை எங்கே கிடைக்கும்?

ஆனால் அதே சாவ் ருகுவா சோழரிடம் 60,000 போர்யானைகள் இருந்ததாகவும் எழுதுகிறார். அத்தனை யானைக்குத் தீனி போடக் காவிரிக்கரை முழுவதும் போதாது. ஹெரோடோட்டஸ் பாரசீகத் தரைப்படையைப் பதினேழு லட்சம் என்கிறார். ஆயிரம் யானையைப் போரில் வென்றவனுக்குத்தான் பரணி பாடுவது என்று நம் இலக்கணமே சொல்கிறது. மிகைப்படுத்துவது சினிமா கண்டுபிடித்த வேலை அல்ல, இதை ஒத்துக்கொள்ள வேண்டும். பரணியில் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிப்பதைக் கேட்டவர்கள் அது பரணி என்று தெரிந்துதான் கேட்டார்கள். திரையில் ஆண்டும் இடமும் எழுத்தில் போட்டுவிட்டு, கணினியில் லட்சம் தலைகளை உருவாக்கினால், பார்க்கும் பிள்ளை அதை வரலாறு என்றுதானே எடுத்துக்கொள்ளும்?

பெரிய களப்போரையே திரும்பத் திரும்பக் காட்டுவதால் போரின் பாதி காணாமல் போகிறது. தமிழர் போருக்குப் படிப்படியாகப் பூவால் பெயர் வைத்தவர்கள். ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை, மண்ணாசையில் படையெடுத்தால் வஞ்சி, கோட்டையை வளைத்தால் உழிஞை, உள்ளிருந்து காத்தால் நொச்சி, களத்தில் நேருக்கு நேர் நின்றால் தும்பை, வென்றால் வாகை. படங்கள் தும்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசியில் வாகை சூட்டி முடித்துவிடுகின்றன.

எங்கள் வகுப்பில் மாட்டுக்காகப் போர் என்றவுடன் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் மாட்டைக் கிட்டத்தில் பார்ப்பது பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவில் கட்டி வைத்திருக்கும்போதுதான். "மாடல்ல மற்றை யவை" என்ற குறளை எழுதச் சொன்னேன். மாடு என்றால் செல்வம். ஊரின் மாட்டை ஓட்டிப் போய்விட்டால் பாலும் போச்சு, உழவும் போச்சு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல்லில் தமிழ் பிராமி எழுத்தில் உள்ள செய்தி அவ்வளவுதான்: கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனுக்கு வைத்த கல். ஆகோள் என்றால் மாடு பிடிக்கும் பூசல். மன்னனும் இல்லை, கொடியும் இல்லை. ஊர் எல்லையில், மாட்டுக் கூட்டத்துக்குப் பக்கத்தில் செத்த ஒரு ஆள். அவன் பெயர் ஈராயிரம் ஆண்டைத் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது.

உழிஞையும் நொச்சியும் இன்னும் வளமானவை. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையில் இருந்த பொறிகளை இளங்கோ அடுக்குகிறார்: "மிளையும் கிடங்கும் வளைவிற் பொறியும், கருவிரல் ஊகமும் கல்லுமிழ் கவணும், பரிவுறு வெந்நெயும்..." மிளை என்பது காவல்காடு, கிடங்கு அகழி. தானே வளைந்து எய்யும் வில். கிட்டே வந்தால் பாய்ந்து கடிக்கும் கருங்குரங்குப் பொறி. கல்லை உமிழும் கவண். கொதிக்கும் எண்ணெய், உலோகம் உருகும் உலை, கல் நிரப்பிய கூடை. மதிலைப் பற்றும் கையைக் குத்த "கைபெயர் ஊசி". பன்றி வடிவில் ஒரு பொறி, மீன்கொத்திபோல் பாய்ந்து கொத்தும் ஒரு பொறி. இதில் எது கண்டது, எது கவிஞன் சேர்த்தது என்று வாதிடலாம். ஆனால் கொதிக்கும் எண்ணெய்க்கு விறகு வேண்டும், விறகு சுமக்க ஆள் வேண்டும், மாதக்கணக்கில் உள்ளே அடைபட்டவர்களுக்குச் சோறு வேண்டும். முற்றுகை என்றால் பசி. புறநானூற்றில் அடைபட்ட கோட்டைக்குள் யானைகள் உணவின்றித் தரையில் புரள்வதையும், குழந்தைகள் பாலின்றி அழுவதையும் கோவூர்கிழார் சொல்கிறார், "ஒன்று கதவைத் திற, இல்லை வெளியே வந்து போரிடு" என்று உள்ளே இருந்த மன்னனிடமே நேருக்கு நேர். மன்னனைத் தட்டிக் கேட்கும் புலவர் போர்ப்படத்தில் வந்து நான் பார்த்ததில்லை.

திரைக்கலைஞர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பது புரியாமல் இல்லை. தலைக்கவசம் போட்டால் நடிகர் முகம் தெரியாது, வரிசையில் நின்றால் யார் கதாநாயகன் என்றே தெரியாது. முகத்தைத் திறந்து வைப்பதை நான் மன்னிப்பேன். எனக்குப் பொறுக்காதது எதிரியைக் காட்டும் விதம். கடல் கடந்தவன் என்றால் கறுப்பு மை பூசிய முகம், புரியாத உறுமல், மண்டையோட்டு மாலை. சிங்கப்பூரில் உட்கார்ந்து இதைப் பார்க்கும்போது கூசுகிறது. கடாரம் என்பது கெடா, இங்கிருந்து பஸ்ஸில் ஒரு இரவுப் பயணம். கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிசய அரசர்கள் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்டினார்கள். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடையாகத் தந்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. அந்தக் கொடை நடந்து ஏறக்குறைய இருபது ஆண்டில் மகன் படையெடுத்தான். நட்பும் வணிகமும் இருந்த இடத்தில் வந்த போர். பகை எப்படி முளைத்தது என்பதல்லவா கதை!

அன்று அரும்பொருளகத்திலிருந்து வெளியே வந்து ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன். 17-ஆம் நூற்றாண்டில் தொகுத்த செஜாரா மெலாயு என்ற மலாய் வரலாற்று நூலில் வருவது. ராஜா சூலான் என்ற பேரரசன் சீனத்தின்மேல் படையெடுத்துத் தெமாசிக் வரை, அதாவது நம் சிங்கப்பூர் வரை, வந்துவிட்டான். சோழன் என்ற பெயர்தான் சூலான் ஆனது என்று பலர் கருதுகிறார்கள். சிங்கப்பூரை நிறுவிய சாங் நீல உத்தமாவே அவன் வழிவந்தவன் என்கிறது அந்த நூல். பயந்துபோன சீன அமைச்சர் ஒரு பழங்கப்பலில் துருப்பிடித்த ஊசிகளை ஏற்றி, பழமரங்களை நட்டு, பல்லில்லாத கிழவர்களைக் கொடுத்து அனுப்பினார். சீனம் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். "புறப்பட்டபோது நாங்கள் சிறுவர்கள். இந்த மரங்களை விதையாக நட்டோம். இந்த ஊசிகள் தடித்த இரும்புக் கம்பிகளாக இருந்தன, துருப்பிடித்துத் தேய்ந்து இப்படி ஆகிவிட்டன" என்றார்கள் கிழவர்கள். ராஜா சூலான் படையைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கடற்போரில் தூரம்தான் முதல் எதிரி என்பது அந்தக் கதையைச் சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்டியரிங் கேட்ட பையன் கொஞ்ச நேரம் ஆற்றில் போகும் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான்: "சார், அந்தத் தாத்தாங்க வந்த கப்பலும் கயித்துல தைச்சதா?"